ஹெல்மி வண்டியின் நாலாவது போல்ட்டு

வெள்ளிக்கிழமை மாலை, தபால் நிலையத்தின் பின்வாசலில் வைத்து போஸ்ட் மாஸ்டர் ஹார்ட்விக் அதைச் சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஹெல்மி கங்காஸ் பதிலுக்கு இரண்டு மடங்கு போட்டிருப்பாள், அதோடு போயிருக்கும். மனுஷர் மெதுவாகச் சொன்னார்.

"மிஸஸ் கங்காஸ், புதன்கிழமை நாலு மைல் உங்க பின்னாலயே வந்தேன். உங்க வண்டி பின்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுது. ஒரு பள்ளத்துல இறங்கினா அடுத்த பள்ளம் வர்ற வரைக்கும் ஆட்டம் நிக்கல."

"இந்த ரோட்டுல எதுதான் ஆடல? பாலமே ஆடுது."

"பாலத்துக்கு நான் பொறுப்பில்ல. திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு உங்க வீட்டுக்கே வந்து பாப்பேன். பின்னால ஷாக் அப்சார்பர் சரியில்லன்னா தபாலை ஏத்த விடமாட்டேன். மேல இருக்கறவங்க ஏற்கனவே உங்க ரூட்டை ரெண்டா வெட்டி, அந்தப் பக்கத்து ஊருக்குப் பாதி, இந்தப் பக்கத்து ஊருக்குப் பாதின்னு குடுத்துடலாமான்னு பேசிக்கிட்டிருக்காங்க. அவங்க கையில ஒரு காரணத்தை நான் எழுதிக் குடுக்கக்கூடாதுன்னு பாக்குறேன்."

ஹெல்மி காலி டப்பாக்களை வண்டிக்குள் எறிந்தாள். "ஏழு மணிக்குத்தானே. வாங்க. காபி போட்டு வைக்கறேன்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, வீட்டுக்குப் போகிற வழி முழுக்க ஸ்டியரிங்கில் அவள் பிடி தளரவில்லை.

பின்லாந்துக்காரர்கள் வந்து குடியேறிய அந்த ஏரிக்கரைப் பக்கத்தில் செம்புச் சுரங்கம் மூடிய வருஷம் ஹெல்மிக்குப் பதினாறு வயது. அப்பா சுரங்கத்தில் இருந்தவர். மூடியபிறகு பாதி ஊர் கிளம்பிப் போயிற்று. அவள் போகவில்லை. மரம் வெட்டுகிற வெய்க்கோ கங்காஸைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். தபால் வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம். அறுபத்திரண்டு மைல், ரோட்டோரம் இருநூற்றுப் பதினான்கு தபால் பெட்டிகள். எந்தப் பெட்டியின் கதவு குளிரில் ஒட்டிக்கொள்ளும், எந்த வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டே கடிக்கும் என்றெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முதலில் கைச்செலவுக்கு என்றுதான் சேர்ந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு மேப்பிள் மரம் விழவேண்டிய பக்கம் விழாமல் வெய்க்கோவின் முதுகில் விழுந்தது. அன்றிலிருந்து வீடு அவள் ரூட்டில்தான் ஓடுகிறது. அவன் முதுகுக்கான ஆஸ்பத்திரிக் காப்பீடும் அந்த ரூட்டோடு சேர்ந்து வருவதுதான். ரூட் போனால் அதுவும் போகும். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

தபால் வேலைக்கு வண்டி அவரவர் சொந்தம். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய வண்டி. வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகிற நாட்டில் ரோட்டோரப் பெட்டியில் கைவைக்க அதுதான் வசதி என்று தேடிப்பிடித்து வாங்கியது. ஷாக் போனது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஏப்ரலில் பூமிக்குள் உறைந்த பனி உருகும்போது ரோடு அங்கங்கே வீங்கும், அங்கங்கே உட்காரும். அதில் பின் ஷாக் இரண்டும் எண்ணெய் கக்கிச் செத்துப் போயின. புது ஷாக்குக்கு எழுதிப்போட்டிருந்தாள். வியாழக்கிழமை தபாலில் வந்தது. அவளே அவள் வீட்டுக்குப் பட்டுவாடா செய்து, அவளே கையெழுத்தும் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ரூட் முடிந்தது. இரண்டரைக்கு அவள் வண்டியின் அடியில் இருந்தாள்.

பின் ஷாக் ஒவ்வொன்றும் மேலே இரண்டு போல்ட்டில் தொங்கும். இரண்டு பக்கமும் சேர்த்து நாலு. போல்ட்டு ஏறுகிற நட்டு வெளியே தெரியாது. வண்டியின் அடியில் பெட்டிபோல ஓடுகிற சேஸ் இரும்புக்குள்ளே, வெல்டு வைத்து ஒட்டியிருக்கும். போல்ட்டு கழலாமல் முறிந்தால் தொலைந்தோம். உள்ளே கைபோகாது. குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊர். அந்தப் போல்ட்டுகள் முறிவதற்கென்றே இருப்பவை. செவ்வாய்க்கிழமையிலிருந்து காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் என்று ஹெல்மி அவற்றுக்குத் துரு இளக்குகிற எண்ணெய் அடித்து வந்திருந்தாள்.

வெய்க்கோ பக்கத்தில் கவிழ்த்த பால்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். ஊன்றுகோல் முழங்காலுக்கு நடுவில்.

"பலமா இழுக்காத. முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அப்படிச் சத்தம் வருது?"

"அது நீ உக்காந்திருக்கிற பெட்டி. எந்திரிச்சா நின்னுடும்."

முதல் போல்ட்டு கிறீச்சென்று அழுதபடி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது நகரமாட்டேன் என்று அடம்பிடித்து, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் சுற்று முன்னும் பின்னுமாக ஆட்டி, பத்து நிமிஷம் கழித்து வந்தது. நாலாவதும் வந்தபோது அவள் அப்படியே சிமென்ட்டுத் தரையில் தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டாள். ஒன்றுகூட முறியவில்லை. அந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

ஆனால் வந்த போல்ட்டுகள் போல்ட்டுகளாக இல்லை. கழுத்துப் பக்கம் துரு தின்று, கடித்துத் துப்பிய கரும்புபோல இருந்தன. பரவாயில்லை, புது ஷாக்கோடு நாலு புதுப் போல்ட்டு வந்திருக்கிறது என்று பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு நீளம். இரண்டு குட்டை.

ஹெல்மி அவற்றை உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்து அளந்தாள்.

"எவனோ பொட்டலம் கட்டும்போது தூங்கிட்டான்," என்றான் வெய்க்கோ.

"குட்டையையே போட்டுப் பாக்கட்டுமா?"

"ரெண்டு மரைதான் பிடிக்கும். ரெண்டு மரையில வண்டியத் தொங்கவிடுவியா? செய்யற வேலைய ஒழுங்காச் செய்."

அவன் சொன்னது சரிதான். நீளமான இரண்டையும் வலப்பக்கத்துக்குப் போட்டாள். விரலாலேயே கடைசிவரை ஓடி, ஸ்பேனரில் கால் சுற்றில் இறுகின. அழகாக இருந்தது. இடப்பக்கத்துக்கு இரண்டு வேண்டும். ஊரில் ஒரே கடை, அது சனிக்கிழமை மத்தியானமே பூட்டியாகிவிட்டது. திங்கள் எட்டு மணிக்குத்தான் திறக்கும்.

வெய்க்கோ காபி டப்பாவை எடுத்தான். அந்தப் பக்கத்தில் காபி டப்பாவில் போல்ட்டு இல்லாத வீடு கிடையாது. தூக்கி எறிவது பாவம் என்று வளர்ந்த ஜனங்கள். கெட்டுப்போன ஒவ்வொரு இயந்திரத்தின் எலும்பும் அந்த டப்பாவுக்குள் இருக்கும். அவன் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். போட்டாள். விரலால் ஓடிற்று. இன்னொன்றைத் தேடினான். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சட்டையில் துடைத்து, குட்டைப் போல்ட்டோடு சேர்த்துப் பிடித்துப் பருமன் பார்த்தான்.

"இந்தா. அதே தடிமன், நல்ல நீளம்."

அது இரண்டு சுற்று விரலால் ஏறியது. மூன்றாவது சுற்றில் நின்றது.

"இறுக்கமா இருக்கு," என்றாள் அடியிலிருந்து.

"பழைய நட்டு. மரையில துரு இருக்கும். ஸ்பேனர் போடு."

பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் தலையில் பொருத்தமாக உட்கார்ந்தது. திருப்பினாள். ஏறியது, ஆனால் வழுக்கிக்கொண்டு ஏறவில்லை. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் கெஞ்ச வேண்டியிருந்தது. ஷாக்கின் குறுக்குக் கம்பியை அழுத்திப் பிடிக்கிற முன்பே அது இறுக ஆரம்பித்துவிட்டது.

"வெய்க்கோ, இது சரியில்ல."

"ஸ்பேனர் உக்காந்துச்சா இல்லியா?"

"உக்காந்துச்சு."

"அப்புறம் என்ன? முப்பது வருஷம் நான் மரம் இழுக்கிற ஸ்கிடர் வண்டி ரிப்பேர் பண்ணினவன். உனக்கு வண்டி ஓட்டத் தெரியும், எனக்கு போல்ட்டு தெரியும். திருப்பு."

அவள் திருப்பினாள். கடைசியில் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

மணி ஐந்தாகியிருந்தது. சனிக்கிழமை. ஆவியில் குளிக்கிற சவுனாக் குடிசையின் புகைக்குழாயிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. வெய்க்கோ மூன்று மணிக்கே நெருப்பு வைத்திருந்தான். பூகம்பம் வந்தாலும் சனிக்கிழமை சவுனா நிற்காது. கைகால் கழுவிவிட்டு இருவரும் உள்ளே போய் மேல்பலகையில் உட்கார்ந்தார்கள். கல்லில் தண்ணீர் ஊற்றினான். ஆவி எழுந்து முதுகை மூடிற்று. அவனுக்கு வாரத்தில் வலி இல்லாத ஒரு மணி நேரம் அதுதான்.

ஹெல்மிக்கு உள்ளங்கையில் அந்த ஸ்பேனரின் கனம் இன்னும் இருந்தது. எங்கேயோ தப்பு. கை சொல்கிறது.

"அந்த நாலாவது..." என்று ஆரம்பித்தாள்.

"ஹெல்மி. இங்க வேணாம்."

சவுனாவில் வாக்குவாதம் செய்வதில்லை. கோயிலில் இருப்பதுபோல இருக்கவேண்டும் என்று அவர்கள் பெற்றோர் சொல்லி வளர்த்தது. அவளுடைய தாயும் தகப்பனும் வீடு முழுக்கச் சண்டை போட்டவர்கள், அந்தக் குடிசைக்குள் மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹெல்மி வாயை மூடிக்கொண்டாள். வெளியே வந்தபிறகு அவன் முகம் அத்தனை லேசாக இருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அங்கேதான் அவள் தப்பு செய்தாள் என்று சொல்லவேண்டும். கை சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, உடை மாற்றி, வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். ரூட்டில் இருக்கிற மிக மோசமான இடம் ஏரிக்கு இறங்குகிற மேடு. இடப்பக்கம் பாறை. வலப்பக்கம் ஒரு கம்பி வேலி, அதற்கப்பால் அறுபது அடிக்குக் கீழே தண்ணீர். அடியில் உறைந்த பனியால் ரோடு நடுவே வீங்கிப் புடைத்த நாலு திட்டுகள். வண்டியைச் சோதிக்க அதைவிட நல்ல இடமில்லை.

முதல் திட்டில் வண்டி ஏறி இறங்கி நின்றது. ஒரே ஒரு அசைவு. ஹெல்மி வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டாவது திட்டும் அப்படியே. மூன்றாவதில் இடப்பக்கப் பின்னாலிருந்து டங்கென்று ஒரு சத்தம். சுத்தியலால் தண்டவாளத்தில் அடித்ததுபோல. அவள் பிரேக்கைத் தொடுமுன் நாலாவது திட்டு வந்துவிட்டது. வண்டியின் பின்பாகம் எகிறி, ஒரு முழம் வலப்பக்கம் தள்ளி விழுந்தது. கம்பி வேலியின் மரக்கட்டைகள் கண்ணாடிக்கு வெளியே ஒவ்வொன்றாக ஓடின. ஸ்டியரிங்கை மெதுவாக, மிக மெதுவாகத் திருப்பினாள். சக்கரம் சரளைக் கல்லை விட்டு ரோட்டுக்கு வந்தது.

நிறுத்தினாள். எஞ்சினை அணைத்து, கை பிரேக்கை இழுத்துவிட்டாள். பிறகு இறங்கி, மண்டியிட்டு அடியில் பார்த்தாள். நாலாவது போல்ட்டு அரை அங்குலம் கீழே இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் கையோடு வந்தது. அதன் மரையில் நூல்நூலாக, பளபளவென்று, உரிந்த இரும்பு சுற்றியிருந்தது.

நடக்கிற வேகத்தில் வீட்டுக்கு ஓட்டிவந்தாள். வெய்க்கோ சமையலறை மேசையில் ஏலக்காய் ரொட்டியைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தான். அவள் போல்ட்டை அவன் தட்டில் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். எடுத்தான். போல்ட்டுத் தலையிலிருந்த பிசுக்கைக் கட்டைவிரலால் துடைத்தான். அடியில் மூன்று கோடுகள் செதுக்கியிருந்தன.

"அங்குலப் போல்ட்டு," என்றான்.

வண்டி மில்லிமீட்டர் கணக்கு. தலையில் எண் இருக்கவேண்டும், கோடு இருக்கக்கூடாது. அவன் வாழ்க்கையில் தொட்ட இயந்திரம் எல்லாம் அங்குலக் கணக்கு. இரண்டும் ஒரே தடிமன் என்றுதான் கண் சொல்லும். அரை அங்குலத் தலையில் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் அச்சில் வார்த்ததுபோல உட்காரும். மரை மட்டும் வேறு. இரண்டு சுற்று ஏறும், பிறகு நட்டைத் தின்னும். இரண்டு கணக்கும் ஒரே டப்பாவில் கிடக்கிற நாட்டில்தான் இந்தத் தப்பு நடக்கும்.

"நட்டும் போச்சா?"

"உள்ள வழுவழுன்னு இருக்கு."

அவன் காபியைத் தள்ளி வைத்தான். "நேத்து நீ சொன்ன."

"சொன்னேன்."

"ரெண்டாந்தரம் சொல்லியிருக்கலாம்."

"சொல்லவிட்டியா நீ?" என்றாள். பிறகு, "பின்பக்கம் தூக்கிப் போட்டுச்சு வெய்க்கோ. ஏரி மேட்டுல. வேலிக்கு இவ்வளவு தூரம்," என்று இரண்டு கையாலும் காட்டினாள். அவள் கைகளுக்கு நடுவில் ஒரு ரொட்டி அளவுக்குத்தான் இடம் இருந்தது. அவன் முகம் வெளுத்துப்போனது. அதற்கப்புறம் இருவரும் குற்றம் சொல்லிக்கொள்ளவில்லை.

மணி மூன்று. வண்டி இரவல் கேட்டுப் பக்கத்து வீட்டு சூலோவுக்கு போன் போட்டார்கள். அவன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஆற்று முகத்துவாரத்துக்கு மீன் அள்ளப் போய்விட்டான் என்றாள் அவன் மகள். நாளைக்குத்தான் வருவான். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற கடை எழுபது மைல் தாண்டி, ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். ஷாக் கழன்ற வண்டியில் ஏரி மேட்டைத் தாண்டிப் போய்ச் சேர முடியாது.

ஹெல்மி அந்தக் குட்டைப் போல்ட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். அது சரியான மரை, நீளம்தான் போதாது. எந்த நட்டு அதில் விரலால் ஓடுகிறதோ அந்த நட்டும் அதன் போல்ட்டும்தான் வேண்டியவை. அதை வைத்துக்கொண்டு கொட்டகை முழுக்க அலைந்தாள். டிராக்டர், விறகு பிளக்கிற இயந்திரம், பனி தள்ளுகிற இயந்திரம், பழைய படகின் டிரெய்லர். ஒவ்வொன்றிலும் ஒரு நட்டைக் கழற்றி குட்டைப் போல்ட்டில் போட்டுப் பார்ப்பாள். இரண்டு சுற்று, நிற்கும். இரண்டு சுற்று, நிற்கும். டப்பாவைத் தரையில் கொட்டி ஒவ்வொரு தலையாகத் துடைத்துப் பார்த்தான் வெய்க்கோ. கோடு, கோடு, கோடு. எண் போட்ட ஒன்றிரண்டும் வேண்டிய தடிமன் இல்லை.

நாலரைக்கு அவள் கொட்டகை வாசலில் நின்று சவுனாக் குடிசையைப் பார்த்தாள்.

மற்ற வீடுகளில் எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி அடுப்பாக்கியிருப்பார்கள். கங்காஸ் வீட்டு அடுப்பு பின்லாந்திலிருந்து கப்பலில் வந்தது. ஹெல்மியின் சித்தி மகள் அனுப்பியது. நாலு காலிலும் மட்டம் பார்த்துத் திருகுகிற போல்ட்டு. பின்லாந்தில் அங்குலம் கிடையாது.

அவள் உள்ளே போய் மண்டியிட்டு, காலிலிருந்த நட்டில் ஸ்பேனரை வைத்தாள். வெய்க்கோ பின்னாலேயே வந்து வாசலில் நின்றான்.

"அதைத் தொடாத."

"ஒரு கால் போதும்."

"பத்து வருஷமா இந்த அடுப்பை மட்டம் குலையாம வச்சிருக்கேன். கல்லு ஒவ்வொண்ணும் நான் ஏரியில பொறுக்கினது. என் முதுகுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"உன் முதுகுக்கு இருக்கிறது என் ரூட்டு. நகரு."

அவன் நகரவில்லை. அவளும் ஸ்பேனரை எடுக்கவில்லை. யார் வீட்டிலும் இப்படி ஒரு நிமிஷம் வரும், பேசினால் உடைந்துவிடும். கடைசியில் அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, கீழ்ப்பலகையில் உட்கார்ந்து, அடுப்பின் மேலிருந்த கல்லில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"கனத்தோட தூக்கினா வளைஞ்சுடும். கல்லை எறக்கணும் முதல்ல. அது தெரியாம ஸ்பேனர் எடுத்துக்கிட்டு வந்துட்டா."

எண்பது கிலோ கல்லை இருவருமாக இறக்கினார்கள். அவன் உட்கார்ந்தபடி எடுத்துக் கொடுப்பான், அவள் வாங்கி வெளியே வைப்பாள். நடுவில் இரண்டு முறை அவன் கல்லை மடியில் வைத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டான். வலிக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான். அடுப்பின் அடியில் செங்கல் முட்டுக் கொடுத்து முன்காலைக் கழற்றினாள். ஒரு நீளப் போல்ட்டு, அதில் இரண்டு நட்டு. போல்ட்டுத் தலையைத் துடைத்தாள். எண் இருந்தது. நட்டைக் குட்டைப் போல்ட்டில் வைத்துத் தட்டிவிட்டாள். கடைசிவரை சுற்றிக்கொண்டே ஓடிற்று.

"நெருப்புல கிடந்த இரும்பு, பலம் இருக்குமா?"

"கால் தரையிலதானே இருந்துச்சு. அங்க ஆவிகூட வராது," என்றான் வெய்க்கோ. "ஆனா பழைய நட்டை முதல்ல எடுக்கணும். அதுதான் வேலை."

அதுதான் வேலை. சேஸ் இரும்புக்குள் வெல்டு வைத்திருந்த கெட்ட நட்டைக் கீழேயிருந்து உளியால் மேல்நோக்கி அடித்துப் பெயர்க்கவேண்டும். அந்த இரும்பும் துரு தின்றது. நட்டோடு சேர்ந்து அதுவும் கிழிந்துவிட்டால் வண்டி அங்கேயே முடிந்தது. ஹெல்மி மல்லாந்து படுத்து அடித்தாள். துரு கண்ணில் கொட்டியது. பத்து அடி, இருபது அடி. கை மரத்துப்போய், இன்னொரு கையால் அடித்தாள்.

"கிழியுதா பாரு," என்றான் வெய்க்கோ.

"வெளக்கை இந்தப் பக்கம் காட்டு. கிழியல."

முப்பதாவது அடியோ என்னவோ, நட்டு விட்டுக்கொண்டு உள்ளே போய் விழுந்து உருண்டது. ஓட்டை முழுசாக இருந்தது.

இனி புது நட்டை உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒரு சாண் தள்ளி, சேஸ் இரும்பின் பக்கவாட்டில் ஒரு துளை இருந்தது, கட்டைவிரல் நுழைகிற அளவு. மரக்கட்டு கட்டுகிற இரும்புப் பட்டையை வெய்க்கோ வெட்டி வளைத்து, அதன் நுனியில் நட்டை ஒட்டுநாடாவால் சுற்றிக் கொடுத்தான். அவள் துளை வழியாகச் செருகினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நுனி எங்கே போகிறது என்று இடது கையால் உணர்ந்து, வலது கையால் கீழேயிருந்து போல்ட்டைத் தேடவேண்டும். தட்டுப்பட்டது. நழுவியது. மறுபடி தட்டுப்பட்டது. ஒட்டுநாடா விட்டது. டிங் என்று ஒரு சத்தம், நட்டு உள்ளே எங்கோ போய் விழுந்தது.

இன்னும் ஒரே ஒரு நட்டுதான் இருந்தது.

"வெளிய வா," என்றான் வெய்க்கோ. "கொஞ்சம் காபி குடி."

"காபி வேணாம்."

"கை மரத்துப் போச்சு உனக்கு. இங்கிருந்தே தெரியுது. வா வெளிய, பிடிவாதக்காரி."

அவள் வந்தாள். அவன் இரண்டாவது நட்டை இந்தத் தரம் ஒட்டுநாடாவில் கட்டவில்லை. பட்டையின் நுனியில் துளை போட்டு, நட்டின் இரண்டு பக்கமும் காதுபோல மடித்துக் கிடுக்கியால் நெரித்து, இழுத்துப் பார்த்து, இன்னொரு தரம் நெரித்தான். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். சாயங்கால வெயில் கொட்டகைக்குள் நீளமாக வந்து விழுந்தது. அவள் பக்கத்தில் நின்று காபி குடித்தாள், ஒருதரம்கூட அவசரப்படுத்தவில்லை.

மறுபடி உள்ளே போனாள். பட்டையைச் செருகினாள். கண்ணை மூடிக்கொண்டாள், திறந்திருந்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. போல்ட்டின் நுனி நட்டின் வாயைத் தொட்டது விரலுக்குத் தெரிந்தது. திருப்பினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றிலும் நிற்கவில்லை. விரல் சுற்றிக்கொண்டே போயிற்று. நாலு, ஐந்து, ஆறு.

"ஓடுது," என்றாள்.

வெளியே வெய்க்கோ மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு ஹார்ட்விக் வந்துவிட்டார். காபியை வேண்டாம் என்றார். வண்டியின் பின் பம்பரில் இரண்டு கையையும் வைத்து முழு எடையோடு அழுத்தி விட்டார். வண்டி எழுந்தது, நின்றது. இடப்பக்கம் போய் அழுத்தினார். எழுந்தது, நின்றது. ஹெல்மி கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள். முழங்கையெல்லாம் தோல் உரிந்திருந்தது.

அவர் டார்ச்சோடு அடியில் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"இங்க ஒரு போல்ட்டு மட்டும் வேற மாதிரி இருக்கே. கருப்பா."

"நம்பரைப் பாருங்க."

"நம்பர் சரியாத்தான் இருக்கு. எங்கேருந்து வாங்கினீங்க?"

"வீட்ல இருந்துச்சு."

"வீட்ல எங்க?"

"சவுனா அடுப்புல."

அவர் தலை வெளியே வந்தது. அவளைப் பார்த்தார். கேலி செய்கிறாளா என்று தேடினார். "மிஸஸ் கங்காஸ், இதை நான் என்னன்னு எழுதுறது?"

ஹெல்மி பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை நீட்டினாள். "எழுதறதுக்கு முன்னால திருப்பிப் பாருங்க. உங்க முழு பலத்தோட. கழண்டா நானே சாவியக் குடுத்துடறேன்."

அவர் கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டுப் படுத்தார். ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். வண்டிதான் அசைந்தது. இன்னொருமுறை, காலை சக்கரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தார். முகம் சிவந்து வெளியே வந்தார். சட்டையின் முதுகெல்லாம் தரைப் புழுதி ஒட்டியிருந்தது. காகிதத்தை வண்டி மூடியின்மேல் வைத்து எழுதினார். "பின் ஷாக் இரண்டும் புதிது, இறுக்கம் சரி" என்று மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைக் கிழித்துக் கொடுத்தார்.

"அடுத்த வருஷமும் பாப்பேன்," என்றார்.

"அடுத்த வருஷமும் இருப்பேன்."

தபால் நிலையத்தில் ஏற்ற வேண்டிய தபால் அன்றைக்கு அதிகம். போதாததற்குக் கோழிக்குஞ்சுப் பெட்டி ஒன்று. ஏப்ரல் மாதம் குஞ்சுகள் தபாலில்தான் வரும், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், விடாமல் கத்திக்கொண்டு. அதைப் பின்சீட்டில் மெத்தைபோல பழைய கோட்டின்மேல் வைத்தாள். ஏரி மேட்டில் வேகத்தைக் குறைத்தாள். முதல் திட்டு. இரண்டாவது. மூன்றாவதில் அவள் காது முழுக்கப் பின்னால் இருந்தது. ஏறிற்று, இறங்கிற்று, நின்றது. குஞ்சுகள் ஒரு நொடி கத்துவதை நிறுத்திவிட்டு மறுபடி கத்தின.

நாற்பத்தோராவது பெட்டியில் திருமதி ஸ்லாட்டரி கம்பளிச் சட்டை போர்த்திக்கொண்டு ரோட்டுக்கே வந்து நின்றாள்.

"இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டு ஹெல்மி."

"தெரியும்."

"உன் ரூட்டை வெட்டப் போறாங்கன்னு கடையில பேசிக்கிட்டாங்க. வேற யாராவது கொண்டு வருவாங்களோன்னு நின்னேன்."

"யாரும் வரமாட்டாங்க. நான்தான்," என்று ஹெல்மி குஞ்சுப் பெட்டியை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். திருமதி ஸ்லாட்டரி அங்கேயே மூடியைத் திறந்து, விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். எண்ணி முடிக்கும்வரை ஹெல்மி எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தாள்.

"எல்லாக் குஞ்சும் உயிரோட நிக்குது," என்றாள் திருமதி ஸ்லாட்டரி.

ஹெல்மி தலையாட்டிவிட்டு நாற்பத்திரண்டாவது பெட்டிக்கு வண்டியை எடுத்தாள்.